சகுந்தலைக்கு உடை தைத்த வரலாறு

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் மொழி. ஆறு வயதுக் குழந்தையொன்றுக்கு ஆடை அமைக்கப் புகுந்தபோதுதான் அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கலாயிற்று. வீட்டுக் காரியமாகத் தொடங்கிய ஒன்று என்னை நூலகத்தின் படிகளில் ஏற்றி, மொகெஞ்சதாரோவிலிருந்து அடையாறு வரை அலைய வைத்தது. அவ்வலைச்சலிற் கண்டவற்றைச் சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் ஊர் அறநெறிப் பாடசாலையின் ஆண்டு விழாவில் சிறுவர்க்கான வினோத உடைப் போட்டி நடைபெறுவது வழக்கம். சென்ற முறை என் தமக்கையின் மகள் சீதாப்பிராட்டியாக மேடையேறினாள். பெரியவர்கள் உடுக்கும் ஆறு யார்ச் சேலையொன்றை அச்சிறு உடம்பிற் சுற்றி, கையிற் கிடைத்த ஊசிகளையெல்லாம் குத்தி, அசையாதே என்று சொல்லி அனுப்பியிருந்தோம். குழந்தை அசையாதிருக்குமோ? இரண்டடி வைத்ததும் கொசுவம் அவிழ்ந்தது. மூன்றாம் அடியிற் சேலை காலைத் தட்டியது. சீதை வாய்விட்டு அழுதாள். குற்றம் உடுத்துவிட்ட எங்களதேயன்றி, குழந்தையினதன்று.

அடுத்த போட்டிக்கு அவள் சகுந்தலையாக வருவதென்று முடிவாயிற்று. “இம்முறை தைத்தே போடுவோம், அம்மாவின் கூறைச் சேலையை அளவாக வெட்டினால் அழகாக வரும்” என்றாள் அக்கா. அதைக் கேட்ட அம்மம்மா, “என்ன பிள்ளை சொல்லுகிறாய்? முழுச் சீலையை வெட்டிப்போட்டால் பிறகு அது சீலையோ?” என்று எழுந்தேவிட்டார். பல்கலைக்கழக நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவரோ வேறொரு கட்சி கட்டினார். “பண்டைய இந்துக்கள் தைத்த உடையை அறியார். ஊசியும் நூலும் துருக்கரோடு வந்தவை. சகுந்தலைக்குத் தைத்த உடை போடுவது சரித்திரப் பிழை” என்றார்.

வெட்டலாகாது என்பது ஒரு கட்சி. தைக்கலாகாது என்பது மற்றொரு கட்சி. இரண்டையும் ஒப்புக்கொண்டால் குழந்தை மீண்டும் மேடையில் அழ வேண்டியதுதான். ஆகவே, இவற்றுள் உண்மை எவ்வளவு என்று ஆராயத் தலைப்பட்டேன்.

ஊசியின் பழமை

முதலில் நண்பரின் கூற்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் சிறந்து விளங்கிய சிந்துவெளி நகரங்களை அகழ்ந்தபோது செம்பினாலும் வெண்கலத்தினாலும் ஆன ஊசிகள் கிடைத்தன. மொகெஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரமொன்றில் ஒட்டியபடி பருத்தித் துணியின் சிறு துண்டும் கிடைத்தது. பருத்தியும் ஊசியும் ஒரே நாகரிகத்தில் இருந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. இருக்கு வேதத்தின் இரண்டாம் மண்டலத்தில், இராகை என்னும் தெய்வத்தை வேண்டுமிடத்து ஊசியும் தையலும் உவமையாக வருகின்றன. மக்கள் நன்கறிந்த தொழிலே உவமையாக வரும். அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டோ, தையற்காரனுக்கெனத் தனிப்பெயர்களையே கூறுகின்றது.

தமிழகம் இதற்குப் பின்னிற்கவில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர் வரிசையில் துன்னகாரரும் இடம்பெறுகின்றனர். துன்னுதல் என்பது தைத்தல். அவர்களை அடுத்தே தோலைத் துன்னுவோரும் கூறப்படுவதால் முன்னையோர் துணி தைத்தோர் என்பது தெளிவாகும். பொருநராற்றுப்படையில் வறிய பொருநனின் கந்தல், வேறு வேறு இழைகொண்டு தைத்த கந்தலாகக் காட்டப்படுகின்றது. கரிகாலன் அவனுக்கு அளித்த புத்தாடையின் மென்மையினும் அவன் களைந்த கந்தலின் தையலே எனக்கு வரலாற்றுச் செல்வமாகத் தோன்றுகின்றது. முல்லைப்பாட்டு, பாசறையிற் காவல் புரிந்த யவனர் அணிந்திருந்த சட்டையை ‘மெய்ப்பை’ என்று அழைக்கின்றது. மெய்யை இட்டு வைக்கும் பை! புதுப்பொருளைக் கண்டதும் அழகாகப் பெயர் சூட்டிய அப்புலவரின் திறமையை வியவாதிருக்க முடியவில்லை. அதே சமயம், உடம்புக்கு அளவாகத் தைத்த சட்டை அக்காலத் தமிழர்க்குப் பிறநாட்டார் கோலமாகத் தோன்றியது என்பதும் இப்பெயராற் பெறப்படும்.

ஆகவே, ஊசியைத் துருக்கர் கொணர்ந்தனர் என்பது பொருந்தாது. ஆயினும் நண்பர் கூற்றில் உண்மையே இல்லையென்றும் தள்ளிவிட இயலாது. பார்குத்து, சாஞ்சி முதலிய இடங்களிலுள்ள பழைய சிற்பங்களை நோக்குமின். ஆடவரும் பெண்டிரும் இடையிலே ஓர் ஆடையைச் சுற்றி, அதன்மேற் கச்சையை முடிந்துள்ளனர். தோளிலே தனியாக ஒரு மேலாடை தொங்குகின்றது. தலைப்பாகையும் சுற்றியதே. எல்லாம் தறியிலிருந்து இறங்கியபடியே அமைந்த முழுத் துணிகள். சுற்றுதலும் மடித்தலும் முடிதலுமே இந்நாட்டின் பெருவழக்காயிருந்தன.

இதற்குக் காரணங்களும் உள. வெப்பநாட்டில் உடம்பிற் பட்டும் படாமலும் கிடக்கும் துணியே சுகமானது. முழுத் துணியைத் துவைத்து விரித்தால் விரைவில் உலரும். உடுப்பவர் மெலிந்தாலும் பருத்தாலும் அத்துணி பொருந்தும். தாய் உடுத்ததை மகள் உடுக்கலாம். கிழிந்தபின் குழந்தைக்கு ஏணையாகவும் கட்டலாம். வெட்டிய துணியோ ஓர் உடம்புக்கே உரியதாகிவிடுகின்றது. அம்மம்மாவின் கோபத்தில் எத்துணை நீண்ட அனுபவம் அடங்கியிருந்தது என்பது எனக்கு அப்போதே புலனாயிற்று.

அவர் கட்சிக்கு நான் எதிர்பாராத இடத்திலிருந்தும் ஆதரவு கிடைத்தது. பௌத்தத் துறவியரின் சீவரம் பல துண்டுகளைப் பொருத்தித் தைப்பது. மகத நாட்டு வயல்களும் வரம்புகளும் அமைந்திருந்த ஒழுங்கைப் பார்த்து ஆனந்த தேரர் அதனை அமைத்தார் என்று விநய நூல் கூறுகின்றது. துணியை ஏன் வெட்ட வேண்டும்? வெட்டுண்ட துணிக்கு மதிப்பில்லை, கள்வர் விரும்பார், ஆகவே பற்றற்ற துறவிக்கு அது பொருத்தம் என்பதே விடை. முழுத் துணியை வெட்டினால் அதன் பெருமை போய்விடும் என்று அம்மம்மா கூறியதையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மரபும் கூறுகின்றது. அங்கே அது துறவின் அடையாளம். எங்கள் வீட்டிலோ கூறைச் சேலையின் மானம்!

அங்கியும் காற்சட்டையும்

வடமேற்குக் கணவாய்களின் வழியே வந்த குஷாணர் குளிர்நாட்டு மக்கள், குதிரைமீது வாழ்ந்தோர். மதுரா நகரை அடுத்த மாத் என்னும் ஊரிற் கிடைத்த கனிஷ்கரின் சிலைக்குத் தலையில்லை. ஆயினும் நீண்ட அங்கியும் கனத்த சப்பாத்துக்களும் அவரை இன்னாரெனக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இவர்களுக்குப்பின் வந்த குப்தப் பேரரசர்களோ தூய இந்திய மரபினர் என்று போற்றப்படுபவர். அவர்களுள் ஒருவரான சமுத்திரகுப்தரின் பொற்காசுகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒருவகைக் காசில் அவர் குஷாணர் பாணியில் அங்கி தரித்து நிற்கின்றார். இன்னொருவகைக் காசில் இடையிலே வேட்டியும் திறந்த மார்புமாக அமர்ந்து வீணை வாசிக்கின்றார். ஒரே அரசர், இரண்டு கோலம். அரசு கோலோச்சும் வேளைக்கு ஒன்று. இசையில் இன்புறும் வேளைக்கு மற்றொன்று. அவற்றுள் எது இந்திய உடை என்று கேட்டால் என்ன விடை கூறுவது?

அசந்தாக் குகைகளில் ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த ஓவியங்களிலும் இக்கலப்பைக் காணலாம். அரசரும் அரசியரும் பெரும்பாலும் மெல்லிய ஆடைகளை இடையிற் சுற்றியிருக்க, முதற் குகையில் மகாசனக சாதகக் காட்சியில் ஆடும் நங்கை நீண்ட கையுள்ள தைத்த மேற்சட்டை அணிந்திருக்கின்றாள். துருக்கர் ஆட்சி தில்லியில் நிலைபெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஓவியம் அது.

முஸ்லிம் அரசர் காலத்தில் வெட்டித் தைக்கும் கலை வடநாட்டிற் பெரிதும் வளர்ந்தது என்பதும் உண்மையே. தையற்காரனைக் குறிக்கும் ‘தர்சி’ என்ற சொல்லும், பைஜாமா என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்தவை. ஆகவே நேர்மையாகச் சொல்லுமிடத்து, ஊசி நம்முடையது. கத்தரிக்கோலின் செல்வாக்கோ பலர் வரவினாற் பெருகியது எனலாம்.

சட்டை எழுப்பிய போராட்டம்

பழமையான சேலையாவது மாறாது நின்றதோ என்றால், அதுவும் இல்லை. இன்று எங்கும் காணப்படும் பாவாடை, சட்டை, முன்கொசுவம், இடத்தோளில் முன்தானை என்ற கோலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவத் தொடங்கியது. இந்தியர்களுள் முதன்முதலாக ஐ.சி.எஸ். தேர்வில் வெற்றியடைந்த சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவியார் ஞானதானந்தினி தேவி. அவர் கணவரோடு பம்பாய்க்குச் சென்றபோது, பார்சிப் பெண்டிர் சேலையுடுக்கும் முறையைக் கண்டு அதனைத் தம் கருத்துக்கேற்ப மாற்றி, தைத்த சட்டையோடும் பாவாடையோடும் வங்காளத்திற் பரப்பினார். பெண்கள் வீட்டைவிட்டு வெளியே சபைக்கு வர வேண்டுமாயின் அதற்கேற்ற உடை வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆகவே, அச்சட்டை வெறும் அலங்காரமன்று. கதவைத் திறந்த திறவுகோல்.

தென்திருவிதாங்கூரில் இதே சட்டைக்காகப் பெண்கள் அடியும் அவமானமும் பட்டனர். மேலாடை அணிவது உயர்குலத்தோரின் உரிமையென்று கூறி, நாடார் முதலிய மக்களின் பெண்டிர்க்கு அது மறுக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டு அரச கட்டளை, கிறித்தவரான பெண்கள் ‘குப்பாயம்’ என்னும் சட்டையை அணியலாம், உயர்குலத்தாரின் மேலாடையை அணியலாகாது என்றது. கலவரங்கள் பல நிகழ்ந்தபின், 1859ஆம் ஆண்டிலேயே அப்பெண்கள் அனைவரும் மார்பை மறைக்க அனுமதி கிடைத்தது. அப்போதும் உயர்குலப் பெண்டிர் உடுக்குமாறு உடுக்கலாகாது என்ற தடை நீங்கவில்லை. இதனைப் படித்து, ‘அது அந்நாட்டுக் கதை’ என்று நாம் கடந்துபோதல் தகாது. நம் யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட பெண்டிர்க்கு மேலாடையையும் ஆடவர்க்கு முழங்காலின் கீழிறங்கும் வேட்டியையும் மறுத்த கொடுமை இருந்தது. பண்பாட்டு உடை என்று பெருமையோடு பேசும்போது, அவ்வுடையை யாரெல்லாம் அணிய விட்டோம், யாரை விடவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். சைவ இளைஞராகிய நாம் இதனை மறைத்தால் வரலாறு நம்மை மன்னியாது.

ஊசித் தொழில் நம்மூர்ப் பெண்கல்வியோடும் இணைந்து வந்தது. அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தனர். 1824ஆம் ஆண்டில் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை நிறுவினர். அங்கே எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. மிசன் கல்லூரியொன்றிற் படித்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. நத்தார் நாடகத்தில் நான் கீழைத்தேசத்து ஞானியருள் ஒருவனாக நடித்தேன். என் அரச அங்கி, விடுதிக் கட்டிலிற் கிடந்த படுக்கை விரிப்பே! பாரசீக ஞானி எவ்வாறு உடுத்தான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கிறித்துமசு வாழ்த்து மடலில் இருந்த படத்தைப் பார்த்தே என்னைச் சோடித்தனர். அப்படத்தின் நினைவு இவ்வாராய்ச்சியில் எனக்குப் பெரிதும் உதவிற்று.

தையல் இயந்திரமும் விரைவில் வந்து சேர்ந்தது. ஐசாக் சிங்கர் தம் இயந்திரத்திற்கு 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமை பெற்றார். 1877ஆம் ஆண்டில் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் இலங்கையிலும் கிளை அமைத்தது. இயந்திரங்களின் ஆதிக்கத்தை எதிர்த்த காந்தியடிகளும், 1924ஆம் ஆண்டில் ஓர் உரையாடலில், மனிதர் கண்டுபிடித்த பயனுள்ள சில பொருள்களுள் ஒன்றென இத்தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். எங்கள் வீட்டு மூலையில் இருக்கும் பழைய சிங்கர் இயந்திரத்தை அன்று முதல் மரியாதையுடன் பார்க்கின்றேன்.

படத்தைப் பார்த்து உடுத்தும் வழக்கம்

இனிச் சகுந்தலையிடம் வருவோம். அவளை எவ்வாறு உடுத்துவது என்று எங்கள் வீட்டிற் பேச்சு எழுந்தபோது, எல்லார் மனத்திலும் ஒரே படம் தோன்றியது. காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் நின்று, போன துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் படமே அது. வரைந்தவர் கிளிமானூர் இரவிவர்மா. 1848ஆம் ஆண்டு பிறந்து 1906ஆம் ஆண்டு மறைந்தவர். ஐரோப்பியத் தைலவண்ண முறையைக் கற்று, தம் காலத்துத் தென்னாட்டு, மராட்டிய நாட்டுப் பெண்டிரின் சேலைக் கட்டையே இதிகாச நாயகியர்க்கு உடுத்தியவர். 1894ஆம் ஆண்டிற் பம்பாயில் அச்சகம் நிறுவினார். அங்கு அச்சான முதற் படமே ‘சகுந்தலை பிறப்பு’ என்பர். அவ்வச்சுப் படங்கள் வீடுதோறும் சுவரேறின. தெய்வமும் நாயகியும் இவ்வாறுதான் உடுத்திருப்பர் என்ற எண்ணம் அவற்றின் வழியே நம் மனத்திற் பதிந்தது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட காளிதாசரின் நாயகிக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் சேலை!

நாம் பழமை என்று கொண்டாடும் வேறொன்றின் கதையும் இத்தகையதே. நம் சிறுமியர் அரங்கேற்றத்துக்கு அணியும் பரதநாட்டிய உடையில், விசிறிபோல் விரியும் கொசுவமும் காற்சட்டையும் தனித்தனியே தைத்துப் பொருத்தப்படுகின்றன. ருக்மணி தேவி 1935ஆம் ஆண்டில் அடையாறு பிரமஞான சபையின் விழாவில் ஆடி, அடுத்த ஆண்டு கலாசேத்திரத்தைத் தொடங்கியவர். பழஞ்சிற்பங்களை உளத்திற் கொண்டு இவ்வுடையை அவர் அமைத்தபோது, அடையாற்றில் இருந்த இத்தாலியத் தையற்கலைஞரான கசான் அம்மையார் அவருக்குத் துணை நின்றார். மறுபுறம், இசை வேளாளர் மரபில் வந்த பாலசரசுவதி அம்மையார் சேலையுடுத்தே ஆடிப் புகழ்பெற்றார். இருவருள் எவரும் மரபைக் கைவிட்டவரல்லர்.

இவற்றையெல்லாம் படித்தபின் என் மனம் சற்றுச் சோர்ந்தது. தூய பழைய உடை என்று ஒன்றும் இல்லையாயின், குழந்தைக்கு எதைத்தான் தைப்பது? அந்நிலையிலேயே சாகுந்தல நாடகத்தை, மறைமலையடிகள் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட தமிழாக்கத்தின் துணையோடு, மீண்டும் படிக்கலானேன். என் ஐயத்துக்கு விடை நாடகத்துள்ளேயே இருந்தது.

முதலங்கத்திற் சகுந்தலை மரவுரி உடுத்தியிருக்கின்றாள். தோழி அதனை இறுக்கிக் கட்டிவிட்டாள் என்று குறைகூறித் தளர்த்துமாறு வேண்டுகின்றாள். ஆகவே, அது முடிந்த உடை; தைத்ததன்று. நான்காம் அங்கத்தில் அவள் கணவன் வீட்டுக்குப் புறப்படும் வேளையில், தபோவனத்து மரங்களே நிலவுபோல் வெண்மையான பட்டாடையையும், காலுக்குச் செம்பஞ்சுக் குழம்பையும், அணிகலன்களையும் அளிக்கின்றன. தோழியர் இருவரும் திகைக்கின்றனர். காட்டில் வளர்ந்த அவர்கள் நகையணிந்து அறியாதவர். பின் எவ்வாறு அவளை அலங்கரிப்பது? ஓவியங்களிற் பார்த்த பழக்கத்தைக் கொண்டு அணிவிப்போம் என்று துணிகின்றனர்!

இவ்விடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தேன். இரவிவர்மாவின் படத்தைப் பார்த்து மருமகளை உடுத்த எண்ணிய எங்களுக்கும், ஓவியத்தைப் பார்த்துச் சகுந்தலையை உடுத்திய அத்தோழியர்க்கும் என்ன வேறுபாடு? காளிதாசரின் காலத்திலும் மரபென்பது பார்த்து, நினைந்து, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அன்போடு அமைப்பதாகவே இருந்தது. அன்பும் அறிவும் சேர்ந்து ஒருத்தியை உடுத்தும்போது பழமையும் புதுமையும் தாமே இணங்கிவிடுகின்றன. ஆறாம் அங்கத்தில் துஷ்யந்தன் தான் தீட்டிய அவள் படத்தைப் பார்த்து, காதில் வாகைப் பூவும் மார்பில் தாமரைத் தண்டின் நூலும் இன்னும் வரையப்படவில்லையே என்று வருந்துகின்றான். அவ்விரண்டையும் மருமகளுக்கு மறவாது அணிவிப்பதென அன்றே குறித்துக்கொண்டேன்.

ஊசி படலாம்

என் ஆராய்ச்சியின் முடிவை வீட்டிற் கூறினேன். அம்மம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு, “மோனை, ஊசி படலாமெண்டு நான் எப்பவும் சொல்லுவன். கத்திரிக்கோல் படக்கூடாது, அவ்வளவுதான்” என்றார். நூலகத்தில் நான் பல நாள் இருந்து அறிந்ததை அவர் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டார். எழுந்து பெட்டகத்தைத் திறந்து, புதிதாகவே இருந்த எட்டு முழ வேட்டியொன்றை எடுத்துத் தந்தார். நான்காம் அங்கத்துச் சகுந்தலைக்கு ஏற்ற நிலவு வெண்மை! கூறைச் சேலை பிழைத்தது.

வேலை நடந்த முறையைத் தாய்மார்க்குப் பயன்படும் என்று கருதிக் கூறுகின்றேன். எட்டு முழம் என்பது நான்கு யார். அதாவது 144 அங்குலம். வேட்டியின் அகலம் 50 அங்குலம். நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 25 அங்குலம் உயரம் வரும். ஆறு வயதுச் சிறுமியின் இடையிலிருந்து கணுக்கால் வரை அது போதுமானது. அம்மடிப்பு நழுவாதபடி விளிம்புகளைச் சேர்த்து நூலோட்டினோம். மூன்று அங்குலத் துணி ஓரங்குலமாகும்படி ஒரே சீராகக் கொசுவி வந்தால் 144 அங்குலம் 48 ஆகச் சுருங்கும். எங்கள் குழந்தையின் இடை 21 அங்குலம். ஆகவே துணி இருமுறை சுற்றி, மேலும் ஆறங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். குழந்தை ஓடினாலும் திறவாது. கொசுவங்களை அகன்ற நாடாவொன்றில் வைத்து, அரையங்குல இழையாக, தளர்வாக ஓட்டினார் அம்மம்மா. கண்ணாடி அணிந்தும் ஊசியிற் கோக்க இயலாது என்னை அழைத்தார். கோத்துக் கொடுத்தபின் அவர் கை தயங்கவேயில்லை. நாடாவின் இரு முனைகளும் முடிச்சுக்கு விடப்பட்டன. குத்தூசி ஒன்றுகூட இல்லை.

மேற்சட்டைக்குக் கடையில் வாங்கிய பருத்தித் துணியை அக்கா வெட்டிச் சிங்கர் இயந்திரத்தில் தைத்தாள். அதற்குமுன் அத்துணியைத் தேயிலைச் சாயத்திற் கொதிக்க வைத்து, உப்பிட்டு, நிழலில் உலர்த்தினோம். மரப்பட்டையின் மங்கிய நிறம் வந்தது. முதலங்கத்து மரவுரிக்கும் ஒரு நினைவு கிடைத்தது. தோளிலே ஐயாவின் வெண்சால்வையை மேலாடையாக இட்டோம். பழஞ்சிற்பங்களில் உள்ளவாறு கீழாடை வேறு, மேலாடை வேறாயின. வாகைப் பூக் கிடைக்காமையால் அதன் வடிவில் வெளிர்பச்சை நூலைக் கத்தரித்துச் சிறு குஞ்சங்கள் செய்தோம். தாமரைத் தண்டுக்கு வெள்ளை நூல் முறுக்கு. ஆகக் கத்தரிக்கோல் வாங்கிய துணியிலும் நூலிலும் மட்டுமே வேலை செய்தது, வேட்டியைத் தீண்டவில்லை.

விழாவன்று சகுந்தலை மேடையிற் கம்பீரமாக நடந்தாள். பரிசு வேறொரு குழந்தைக்குப் போயிற்று. அதுபற்றி அவளுக்குக் கவலையில்லை. இறங்கியதும் அதே உடையோடு தோழியருடன் மணலில் ஓடிப் பிடித்து விளையாடினாள். ஒரு கொசுவமேனும் அவிழவில்லை. அதுவே எங்களுக்குக் கிடைத்த பரிசு. அன்றிரவு அம்மம்மா நூலின் முனையைப் பிடித்து மெல்ல இழுத்தார். இழை முழுவதும் ஒன்றாகவே வந்தது. துவைத்து உலர்த்தியபின் வேட்டி முன்போல் முழு வேட்டியாகப் பெட்டகத்துட் புகுந்தது.

இளைஞர்களே, நம் பண்பாட்டைப் பற்றிப் பேசுவோர் இரு திறத்தினர். பழையது அணுவளவும் மாறாதது என்பர் ஒருசாரார். பழையது என்று ஒன்றுமேயில்லை, வெட்டி எறியலாம் என்பர் மற்றொருசாரார். சீலையின் வரலாறு இருசாரார்க்கும் விடை கூறுகின்றது. நம் மரபு ஊசியை என்றும் வெறுத்ததில்லை. கனிஷ்கரின் அங்கியையும், பார்சிப் பெண்டிரின் கொசுவத்தையும், இத்தாலிய அம்மையாரின் கைத்திறனையும் தன்னோடு சேர்த்துத் தைத்துக்கொண்டது. ஆனால், முன்னோர் நெய்து தந்த முழுத் துணியை வெட்டுமுன் ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்கவும் கற்பித்தது. ஒருவர்க்கு உடையை மறுத்த பழமை வருமாயின் அங்கே கத்தரிக்கோலை எடுக்கத் தயங்காதீர்கள். மற்றெல்லா இடத்தும் முதலில் ஊசியையே எடுங்கள்.

பெரியோர்களே, உங்கள் பெட்டகங்களில் உறங்கும் துணிகளையும் அவற்றைக் கொசுவும் கைப்பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஊசியில் நூல் கோக்க நாங்கள் அருகே இருக்கின்றோம்.